தாழ்ந்த குரலுக்கு ஒரு வண்டி

தேங்காய்த்திட்டுக் கரையில் காலை வெயில் வண்டியின் கதவில் சாய்ந்திருக்கிறது. லூர்துநாதன் மீன்கூடை ஏற்றும் தன் டீசல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சைலன்சர் குழாய் சட்டத்தில் உராயும் இடத்தில் பழைய டயர் ரப்பரைச் செருகிக் கட்டுகிறான். முன் இருக்கைக்குக் கீழே, தரைத் தகட்டின்மேல், சாக்கும் தேங்காய் நாரும் ஏற்கெனவே அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. "வண்டிக்கு மெத்த போடுறியேண்ணே, தலகாணி எங்க?" என்கிறான் வலை உலர்த்தும் காசிலிங்கம். லூர்துநாதன் ரப்பரின் கட்டை இன்னும் இறுக்குகிறான். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த அவன் மனைவி ஆரோக்கியம் இனிக் குரலை உயர்த்தக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. பெரிய மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போகும் வழியில்தான் இருவரும் மனம்விட்டுப் பேசுவது வழக்கம். மூன்று வாரமாக வண்டிக்குள் எஞ்சின் ஒன்றுதான் பேசுகிறது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, சாவியைத் திருப்புகிறான். ஓசை அடங்கிவிட்டது என்பது மிகை. முன்பு செவியில் அறைந்தது இப்போது காலடியில் முனகுகிறது, அவ்வளவே. மார்க்கெட்டுக்குக் கிளம்பிவந்து பக்கத்தில் ஏறியிருக்கும் ஆரோக்கியம், கழுத்தைச் சுற்றிய வெள்ளைத் துணியை இரு விரலால் தொட்டபடி, சாலையையே பார்க்கிறாள். அவன் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறான். அவள் உதடுகள் மெல்ல அசைகின்றன.

"என்னாங்க, சட்டப் பித்தான மாத்திப் போட்டுக்குனு வந்திருக்கீங்க."

லூர்துநாதன் சட்டென்று குனிந்து மார்பைத் தடவுகிறான். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறான். பித்தான்கள் எல்லாம் அதனதன் காஜாவில் சரியாகவே இருக்கின்றன. அவன் நிமிரும்போது அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்குகின்றன.