வலது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

இசக்கியின் பைக்கில் பின்சீட்டுக்கு இரண்டு ஃபுட்ரெஸ்ட் இருந்தன. அவன் மனைவி செண்பகம் சுடிதார் போட்டாலும் ஒருபக்கமாகவே உட்காருவாள். அதனால் இடதுக்குத்தான் வேலை. வலது மடங்கியே கிடந்து துருப்பிடித்துவிட்டது.

இருவரும் கன்னியாகுமரி பார்த்துவிட்டு மூணாறுக்குக் கிளம்பினார்கள்.

"சும்மாவே ஊர் சுத்துற. கொடுத்து வெச்சவன்டா தம்பி," என்றது இடது.

"ஒரு தடவையாவது ஒரு கால் என்மேல படாதாண்ணே?"

"பொம்பளைங்க அப்படி உட்கார மாட்டாங்க. நீ தூங்கு."

மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்து விழப் பார்த்தது. செண்பகம் இறங்கிவிட்டாள்.

"ஏங்க, நான் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்துக்கிறேன்."

"யாராச்சும் பார்த்தா?"

"விழுந்தா மட்டும் பார்க்க மாட்டாங்களா?"

செருப்பு நுனியால் வலதை நெம்பினாள். கிரீச்சென்று கத்திக்கொண்டே அது விரிந்தது.

"வலிக்குதாடா?" என்றது இடது.

"வலிக்குதுண்ணே. நல்லாவும் இருக்கு!"

வண்டி ஆடாமல் மலையேறியது.

திரும்பி வந்தபோது தங்கள் தெருமுனையில் இசக்கி வண்டியை மெதுவாக்கினான். "மாறி உக்காந்துக்கிறியா?"

"சரி தம்பி, காலை மடக்கு," என்றது இடது.

செண்பகம் இறங்கவில்லை. "நீங்க போங்க," என்றாள்.

தெருவே பார்த்தது. வலது விரிந்தபடியே வீட்டு வாசலில் போய் நின்றது.