முதலில் பிரேக்

இருபது வருடப் பழைய டர்போ காரை வாங்கிய வளர்மதி, பட்டறையில் முதல் வேலையாக நல்ல பிரேக் போடச் சொன்னாள். அங்கே காரின் வேகத்தைக் கூட்டவென்றே வருகிறவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக் செபஸ்தியான் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும், தன் வழக்கப்படி வெறிச்சோடிய சாலையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். அங்கிருந்து அடி அளந்து நடந்துபோய், கார் வரும் வழியில் நின்றுகொண்டார்.

"எண்பதுல வாம்மா. கோட்டுல மிதி."

மிதித்தாள். அவர் முழங்காலுக்கு நான்கு விரல் முன்னால் கார் நின்றது. அவர் அசையவே இல்லை.

"இனிமே டர்போவைத் தொட்டு வேகத்தைக் கூட்டலாம்."

வளர்மதி இறங்கிச் சாவியை நீட்டினாள்.

"இப்ப நீங்க ஓட்டுங்கண்ணே."

அவர் நின்ற இடத்தைவிடக் கோட்டுக்கு இரண்டு விரல் நெருக்கமாகப் போய் நிமிர்ந்து நின்றாள்.