குறட்டை

பென்ரோஸ் எம்.பி.யின் மனைவி டாப்னி வந்திருக்கிறார் என்றதுமே, லண்டன் நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் ஹாலம் மேஜை மேலிருந்த கார்ட்டூன்களை இழுப்பறைக்குள் தள்ளினார். அந்த எம்.பி. பாராளுமன்றத்தில் குறட்டை விடுவதாக வாராவாரம் கார்ட்டூன் வரைந்தவர் அவர்தான்.

"இந்த வாரம் ஏன் போடலை?" என்றாள் டாப்னி.

"இனிமே போட மாட்டோம் மேடம். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு யாருக்கு வேணும்? எல்லாப் பேப்பர்லயும் 'ஓய்வறியா உழைப்பாளி'ன்னு போட்டிருக்கான். இவ்வளவு பொய்யை எலெக்ஷன்ல அவரே சொன்னதில்லை. படிச்சா, செத்தது என் புருஷனே இல்லைன்னு தோணுது."

ஹாலம் தலைகுனிந்தார்.

"ராத்திரியில வீடு ரொம்ப அமைதியா இருக்கு மிஸ்டர் ஹாலம். இன்னும் ஒரே ஒரு வாரம், அவரைக் குறட்டை விட வைங்க."

அவர் பென்சிலை எடுத்தார். "எவ்வளவு சத்தமா மேடம்?"

"வீடு வரைக்கும் கேக்கணும்."