கழற்றி வைத்த சைலன்சர்

கணவர் இறந்த பிறகு பிக்கப் வண்டியை அவளே ஓட்டினாள். முதல் மாதமே பஞ்சர். அடியிலிருந்த ஸ்டெப்னியை இறக்கி மாட்டினால், அது மற்ற டயர்களைவிடச் சின்னது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தபடியே மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தது.

"நாலு டயரையும் பெருசா மாத்தின மனுஷன் இத மட்டும் மறந்துட்டாரே தம்பி!"

"மறக்கல அண்ணி," என்றான் மெக்கானிக், வண்டிக்கு அடியில் படுத்தபடி. "அண்ணன் ஆசையா போட்ட பெரிய சைலன்சர் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. பெரிய ஸ்டெப்னி வேணும்னா இது போகணும்."

அவர் இருந்தவரை, சாயங்காலம் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அந்தச் சைலன்சர் ஊரைக் கூட்டிவிடும். அவள் திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள்.

"கழட்டிடுங்க," என்றாள்.

சின்ன சைலன்சர் ஒன்றும் சரியான அளவில் ஸ்டெப்னியும் ஏறின. வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் வீடு வந்தது. பழைய சைலன்சரை மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அங்கே பெருக்கும்போது கை பட்டுச் சுரீரென்றது. அப்போதுதான் வண்டியிலிருந்து கழற்றியதுபோல் சூடு. விடிந்ததும் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. அன்றைக்கும் அவர் வீடு திரும்பும் நேரத்துக்குச் சரியாகச் சுட்டது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மெக்கானிக் போன் செய்தான்.

"அண்ணி, அந்தச் சைலன்சர் சும்மாதானே கெடக்கு? எடைக்குப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும் தம்பி," என்றாள் அவள், மகளின் பள்ளிக்கூட சாக்ஸைப் பிழிந்து அதன்மேல் விரித்தபடி. "மழை விடட்டும்."

ஈர சாக்ஸிலிருந்து ஆவி எழுந்தது.