இடது பக்கம், முதல் வரிசை

ஆறு நாற்பது பஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் அவர்.

முன்பதிவு ஜன்னலுக்கும் அவர்களுக்கும் நடுவில் இன்னும் நான்கு பேர். மனைவி கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள்.

"என்னங்க, உங்க தம்பிதான் காரை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றாரே. ரெண்டு மணி நேரத்துல கடற்கரையில நிக்கலாம்."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரமாக இதே கூத்து. அவர் லிப்ட் மெக்கானிக். தான் ஒரு நாள் போகாவிட்டால் நகரத்தில் பாதிப் பேர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பு. ஊர் சுற்றுவதற்கென்று இருபத்தாறு வருடத்தில் ஒரு லீவு போட்டதில்லை. அப்படிப்பட்டவர், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கடலோரத்துப் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாமா என்று திடீரெனக் கேட்டார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் தைத்தபடியே திட்டம் போட்டாள். கலங்கரை விளக்கத்தில் பத்து மணிக்குத்தான் மேலே ஏற விடுவார்கள். அதற்குள் கோட்டை மதிலைச் சுற்றி வந்துவிடலாம். பிறகு பீரங்கிகள், பழைய துறைமுகத் தெரு. சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள்.

கோட்டையைப் பற்றியோ பீரங்கியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போவது ஆறு நாற்பது பஸ், திரும்புவதும் அதே பஸ், பிற்பகல் இரண்டரைக்கு என்று மட்டும் சொன்னார்.

அப்படியென்றால் சூரியன் இறங்குவதைப் பார்க்க முடியாதே என்றாள். கடல் எங்கேயும் ஓடிப்போய்விடாது என்றார்.

ரயில் இன்னும் வசதி என்றாள். ம்ஹூம். அந்த பஸ்ஸில் என்ன தங்கமா இழைத்திருக்கிறார்கள் என்று தம்பி கிண்டல் செய்தபோதும் சிரித்து மழுப்பிவிட்டார்.

இன்று காலை முகச்சவரம் செய்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். டிக்கெட் எடுக்கத்தானே போகிறோம் என்று கேட்கவந்தவள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

அவர்கள் முறை வந்தது. தேதியைச் சொல்லி, ஆறு நாற்பதுக்கு இரண்டு, இடது பக்கம், முதல் வரிசை என்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, ஏதோ உபகாரம் செய்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த வண்டிக்குப் புது டிரைவர் போட்டிருக்காங்க. பொம்பளப் புள்ள. வழியில நெறைய வளைவு இருக்கு. ஏழரை வண்டில போட்டுத் தரட்டுமா? அதுல அனுபவஸ்தர்."

அவளுக்குச் சட்டென்று மகள் ஞாபகம் வந்தது.

மகள் அவளுக்கு மட்டும்தான் போன் செய்வாள், அதுவும் அப்பா வேலைக்குப் போன பிறகு. பயிற்சி முடிந்துவிட்டது என்று சொன்னாள். எந்த ஊருக்கு ஓட்டப்போகிறாள் என்று கேட்டதற்கு, சொன்னால் நீ பயப்படுவாய் என்று சிரித்தாள். நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவள் பஸ் ஓட்டப் போன நாளிலிருந்து இவர் அவளோடு பேசுவதில்லை. பத்து மாதம். யாராவது கேட்டால், வெளியூரில் வேலை என்று பேச்சைக் கத்தரித்துவிடுவார். சொந்தத் தம்பிக்கே இதுவரை அதுதான் பதில்.

எங்கே போய் விசாரித்தாரோ, யாரிடம் கேட்டாரோ.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. அவர் ஜன்னலை நோக்கிக் குனிந்தார். ஆனால் அந்தக் குரல் ஜன்னலுக்கு மட்டுமானதாக இல்லை, வரிசையின் கடைசி ஆள்வரை போனது.

"தெரியும்பா. அவ என் பொண்ணு. ஓட்டுறதைப் பாக்கணும்னுதான் முன் சீட்டு கேக்குறேன்."

ஜன்னல்காரர் அவசரமாகத் தட்டச்சு செய்தார். பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர், அப்படியா சார், என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

அவ்வளவுதான். டிக்கெட்டை வாங்கும் வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு அந்த மனிதர் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டார் அவர். மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆரம்பித்தார்.