கைப்பக்குவம்

"நாப்பத்தஞ்சு நாள் பொறு. பழையபடி முடி வரலைன்னா, என் கத்திரிக்கோலைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார் முடிதிருத்துநர்.

இருபத்தெட்டு வருஷமாக ஊர் ஆண்களின் தலையெல்லாம் அவர் கையில்தான். முடி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

நாற்காலியில் அவர் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பைத் தொட்ட பின்னல் இரண்டே வாரத்தில் எலிவாலாகிவிட்டது. உச்சியில் மண்டையே தெரிந்தது.

"சீப்பை வச்சாலே கொத்துக் கொத்தா வருதுங்க" என்றாள்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது. படியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்குவேனா என்றன. கத்திரியைப் பிடித்தால் நழுவியது. இப்படியே போனால் கடைக்கு நிரந்தரமாகப் பூட்டுத்தான்.

மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார்கள்.

"பந்து விளையாடற வயசா எனக்கு?" என்று அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டவர், இன்றுவரை தொடவில்லை.

ஆனால் பெண்டாட்டியின் முடி என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இலை, கற்றாழை எல்லாம் வந்து குவிந்தன.

"மிக்ஸியில ஒரு சுத்து விட்டாப் போச்சு."

"அந்தச் சூட்டுல சத்தெல்லாம் போயிடும். கல்லுல அரைச்சு, கையால பிழிங்க. அப்பத்தான் தலையில வைப்பேன்" என்றாள் அவள்.

அரைத்தார், பிழிந்தார், எண்ணெயில் காய்ச்சினார். காலையும் மாலையும் அரைமணி நேரம் அவள் தலையில் தேய்த்தார். வலி தாங்காமல் இடது கைக்கு மாறினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"இது சரியாப் பதியலைங்க. உங்க பக்குவமே வலது கையிலதான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

இருபதாம் நாள் உச்சியில் குட்டி முடிகள் குத்திட்டு நின்றன. நாற்பத்தைந்தாம் நாள் மண்டை மறைந்து, உச்சி கறுகறுவென்று இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னா சொன்னதுதான். இதை பாட்டில்ல ஊத்திக் கடையில வைக்கப்போறேன்" என்றபடி கத்திரியை எடுத்துக் காற்றில் நாலு வெட்டு வெட்டினார்.

கத்திரி நழுவவில்லை. அவருக்கே அப்போதுதான் உறைத்தது. விரல்களை மடக்கினார், நீட்டினார், மறுபடியும் மடக்கினார். கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கே கடையைத் திறக்கறேன்" என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். ஒன்று மட்டும் குறைந்தது. அடர்ந்த முடியை இடையிடையே வெட்டிக் குறைக்கும் பல்லுக் கத்திரி.

"அதை எங்க வச்சே?"

அவள் எழுந்துபோய், தன் தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்து அவர் வலது கையில் வைத்தாள். அதன் பற்களுக்கு நடுவே முழ நீளத்தில் இரண்டு முடிகள் சிக்கியிருந்தன.

"அன்னைக்கே அந்தப் பந்தை அமுக்கியிருந்தீங்கன்னா, என் பின்னல் தப்பிச்சிருக்கும்" என்றாள்.