எழுத்திலிருந்து விலகியவர்

இலக்கிய வகுப்பில் ஆளுக்கொரு எழுத்தாளரைப் பிரித்துக் கொடுத்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய கட்டுரையைச் செம்மைப்படுத்தச் சொன்னார்கள். ஜெனிட்டாவுக்குக் கிடைத்தவர் கோமதிநாயகி. நான்கே வரிக் கட்டுரை. ‘திருமணத்துக்குப் பிறகு எழுத்திலிருந்து விலகினார்’ என்று முடிந்தது. பழைய வார இதழ் ஒன்று அதற்கு ஆதாரம். அவர் சங்கரன்கோவிலில் இருப்பதை விசாரித்தறிந்து, சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

கோமதிநாயகி அந்த வரியைச் செல்போனில் இரண்டு முறை படித்தார்.

“நான் எங்கம்மா வெலகுனேன்? அதுக்கப்புறமும் பதினாலு கதை அனுப்புனேன். பதினாலும் திரும்பி வந்துட்டு.”

பீரோவிலிருந்து உறைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். தபால் முத்திரைகள் இன்னும் தெளிவாக இருந்தன.

ஜெனிட்டா வரியைத் திருத்தினாள். மறுநாளே யாரோ ஆதாரமில்லை என்று பழைய வரியைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அவள் கோமதிநாயகியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“நீங்க சொன்னா மட்டும் போதாதாம்மா. அச்சுல வந்திருக்கணுமாம்.”

“அச்சுல வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே” என்றார் அவர்.

ஜெனிட்டா அவரைப் பேட்டியெடுத்து இதழ்களுக்கு அனுப்பத் தொடங்கினாள். மூன்று இதழ்கள் மறுத்தன. இதற்குள் பருவம் முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. அவள் நான்காவது இதழுக்கு அனுப்பினாள். அந்த ஆசிரியர், பேட்டியோடு கதையும் ஒன்று போடலாம் என்றார்.

“அந்தப் பதினாலுல எதை அனுப்பட்டும்மா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் வேண்டாம். இப்ப எழுதிக்கிட்டிருக்கது வியாழக்கிழமை முடிஞ்சிரும். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு.”